வாசனைத் தைலங்கள் கெடாமல் இருக்க

கங்கைச் சமவெளியில், உத்தரப் பிரதேசத்தில் அமைந்துள்ள கன்னோஜ் நகரம், 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனரின் தலைநகராக விளங்கியது. இன்று அந்நகரின் பெயர் அரசர்களால் அன்றி, அத்தரால் அறியப்படுகிறது. ரோஜா மலரும் பருவத்தில் விடியற்காலையில் கொய்யப்பட்ட மலர்கள் மூட்டை மூட்டையாக அங்குள்ள வடிசாலைகளுக்கு வந்து சேர்கின்றன. 'தேக்' எனப்படும் பெரிய செப்புப் பாத்திரத்தில் மலர்களும் நீரும் இடப்படுகின்றன. பாத்திரமும் மூடியும் சேரும் இடம் களிமண்ணால் பூசி அடைக்கப்படுகிறது. அடியில் நெருப்பு மூட்டியதும் எழும் நீராவி, மூங்கில் குழாய் வழியாகச் சென்று, நீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைக்கப்பட்டுள்ள 'பப்கா' என்னும் கழுத்து நீண்ட செப்புக் கலத்தில் குளிர்கிறது. மரபு முறையில் அக்கலத்தில் முன்னரே ஊற்றப்பட்டிருக்கும் சந்தனத் தைலம் மலரின் மணத்தைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. இதுவே அத்தர்.

இவ்வளவு உழைப்பின் பயனாகக் கிடைப்பது மிகச் சிறிய அளவே. கலப்பற்ற ரோஜாத் தைலம் ஒரு கிலோகிராம் பெறுவதற்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோகிராம் மலர்கள் தேவைப்படுகின்றன. ஆயினும், இவ்வாறு அரிதின் முயன்று பெற்ற பொருள், வடிசாலையை விட்டு வெளிவந்த பின்னர் ஒரு மூலையில் பாதி நிரம்பிய கலத்தில் கோடைகாலம் முழுவதும் கிடந்து, தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுவதும் உண்டு. களவு போகவில்லை, சிந்தவும் இல்லை, எடையும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஆனால் மணம் மாறிவிட்டது; விலையும் போய்விட்டது.

முற்காலத்தில் இது வணிகர்களின் கவலையாக மட்டும் இருந்தது. இன்று நிலைமை வேறு. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் தொடங்கிய நறுமண இயக்கத்தின் பயனாக, எலுமிச்சைப்புல், பாமரோசா, வெட்டிவேர், லாவண்டர் முதலிய பயிர்கள் பல மாநிலங்களில் சிறு விவசாயிகளால் பயிரிடப்படுகின்றன. கிராமங்களிலேயே வடிகலங்கள் நிறுவப்பட்டுள்ளன. விவசாயி தானே தைலத்தை வடித்து, நல்ல விலை வரும் வரையில் தன் வீட்டிலேயே வைத்திருக்கவும் செய்கிறார். ஆகவே, தைலத்தைப் பயிரிடவும் வடிக்கவும் கற்பிப்பதோடு, அதைக் காக்கவும் கற்பிப்பது கள அலுவலர்களின் கடமையாகிறது. வேதியியலின் சில அடிப்படை உண்மைகளை மாணவர்களுக்கு எடுத்துக்காட்ட ஆசிரியர்களுக்கும் இதைவிடச் சிறந்த பொருள் எளிதில் கிடைப்பதன்று.

தைலத்தின் இயல்பு

வாசனைத் தைலம் என்பது ஒரே பொருள் அன்று. பற்பல இரசாயனப் பொருள்களின் கலவையாகும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவற்றிற்கும் இதற்கும் பெயரளவில் ஒற்றுமை காணப்படினும், இயல்பில் பெரும் வேறுபாடு உண்டு. தாளில் விட்ட ஒரு சொட்டு நல்லெண்ணெய் நிலையான கறையை உண்டாக்கும். ஆரஞ்சுத் தோல் தைலத்தின் சொட்டோ சிறிது நேரத்தில் ஆவியாகி மறையும்.

இத்தைலங்களில் உள்ள பொருள்களை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். பத்துக் கார்பன் அணுக்களைக் கொண்ட இலேசான மூலக்கூறுகள் முதற் பிரிவு. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களில் உள்ள லிமோனீன், எலுமிச்சைப்புல்லில் உள்ள சிட்ரால், லாவண்டரில் உள்ள லினலூல் ஆகியவை இதில் அடங்கும். இவை விரைவில் ஆவியாகும்; முதலில் மூக்கை எட்டுபவையும் இவையே. பதினைந்து கார்பன் அணுக்களைக் கொண்ட கனமான மூலக்கூறுகள் இரண்டாம் பிரிவு. சந்தனத்தில் உள்ள சந்தலால்களும், வெட்டிவேர், பச்சிலை ஆகியவற்றின் முக்கியப் பொருள்களும் இவ்வகையின. இவை மெல்ல ஆவியாகி, நெடுநேரம் நிலைத்து மணக்கும். மலர் மணத்தைப் பிடித்து வைக்கச் சந்தனத் தைலத்தைத் தேர்ந்த பண்டைக் கைவினைஞர்கள், இந்த அணுக் கணக்கை அறியாவிடினும், அதன் பயனை நன்கு அறிந்திருந்தனர்.

சேமிப்பில் எல்லாத் தைலங்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதற்கு இவ்வேறுபாடே முதற் காரணம்.

முதற் பகை: பிராணவாயு

லிமோனீன் போன்ற மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள பிராணவாயு அப்பிணைப்புகளுக்கு அருகில் உள்ள இடங்களைத் தாக்கி, ஹைட்ரோபெராக்சைடு எனப்படும் நிலையற்ற பொருள்களை உண்டாக்குகிறது. அவை மேலும் சிதைந்து வேறு பல பொருள்களாக மாறுகின்றன. புத்தம் புதிய ஆரஞ்சுத் தைலத்தின் இனிய மணம் குன்றி, டர்பன்டைனை நினைவூட்டும் காரநெடி எழுவது இதனாலேயே. நாளடைவில் தைலம் தடித்துப் பிசின் போல ஒட்டும் தன்மையும் அடைகிறது.

இம்மாற்றம் ஒரு சங்கிலி போலத் தொடர்வது. முதலில் உண்டான பொருள்களே அடுத்தடுத்த மாற்றங்களைத் தூண்டுகின்றன. பாலில் இட்ட சிறிதளவு உறைமோர் பால் முழுவதையும் தயிராக்குவதைப் போல, பழைய தைலத்தின் அடிச்சீவல் புதிய தைலத்தின் கேட்டை விரைவுபடுத்துகிறது. பழைய தைலத்தைப் புதியதோடு கலக்கலாகாது என்பதற்கும், கலத்தைக் கழுவி உலர்த்தாமல் மீண்டும் நிரப்பலாகாது என்பதற்கும் காரணம் இதுவே.

கலத்தில் உள்ள வெற்றிடத்தின் முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 100 மில்லிலிட்டர் கொள்ளும் புட்டியில் 95 மில்லிலிட்டர் தைலம் இருப்பின், அதன் மேல் 5 மில்லிலிட்டர் காற்றே உள்ளது. அதே புட்டியில் 50 மில்லிலிட்டர் தைலம் இருப்பின், மேலே 50 மில்லிலிட்டர் காற்று நிற்கிறது. ஒவ்வொரு மில்லிலிட்டர் தைலத்துக்கும் கிடைக்கும் காற்றின் அளவு, முன்னதைக் காட்டிலும் பின்னதில் 19 மடங்கு அதிகம். மூடியைத் திறக்கும்போதெல்லாம் புதுக் காற்று உள்ளே புகுவதையும் கருதினால், பாதி காலியான பெரிய கலத்தைவிட, நிரம்பிய பல சிறிய புட்டிகளே சிறந்தவை என்பது விளங்கும். எனினும், உஷ்ணத்தால் தைலம் விரிவடையும் ஆதலின், புட்டியை விளிம்புவரை நிரப்பாமல் சிறிதளவு இடம் விடுதல் வேண்டும்.

கெட்ட தைலத்தால் நேரும் தீங்கு மணத்தோடு நிற்பதில்லை. தூய லிமோனீனும் லினலூலும் தோலுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அவை பிராணவாயுவோடு சேர்ந்து உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகளே சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தெளிவாக்கியுள்ளனர். இதன் காரணமாகவே, லிமோனீன் மிகுந்த பொருள்களில் பெராக்சைடின் அளவு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் எனச் சர்வதேச நறுமணப் பொருள் சங்கம் விதித்துள்ளது. ஆகவே, 'மணம் சிறிது மாறியிருக்கிறது, அதனால் என்ன?' என்று எண்ணிப் பழைய தைலத்தை உடலில் பூசிக்கொள்வது விவேகமன்று.

வெளிச்சமும் உஷ்ணமும்

சூரிய வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர்கள் மூலக்கூறுகளின் பிணைப்புகளைத் தாக்கி, மேற்கூறிய சங்கிலியைத் தொடங்கிவைக்க வல்லவை. மணப்பொருள்களை ஜன்னல் ஓரத்தில் அழகிய கண்ணாடிப் புட்டியில் வரிசையாக அடுக்கி வைப்பது கண்ணுக்கு இனிமையே. ஆனால் மணத்துக்குக் கேடு. பழுப்பு நிறக் கண்ணாடி, புற ஊதாக் கதிர்களையும் நீல ஒளியையும் பெரிதும் தடுத்துவிடும். பழுப்புப் புட்டி கிடைக்காவிடில், வெண்ணிறப் புட்டியை அட்டைப் பெட்டியில் இட்டு மூடிவைத்தாலும் போதும். வாசனைத் திரவியத்துடன் வரும் பெட்டி விளம்பரத்துக்காக மட்டும் அமைந்தது அன்று என்பதைப் பலர் உணர்வதில்லை.

உஷ்ணநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போது பல இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது ஒரு பொது விதி. இதன்படி, 12 டிகிரியில் வைக்கப்பட்ட தைலத்துடன் ஒப்பிட, 42 டிகிரியில் கிடக்கும் தைலம் ஏறக்குறைய 8 மடங்கு விரைவாகக் கெடும் எனலாம். வட இந்தியக் கோடையில் தகரக் கூரையின் கீழ் இவ்வுஷ்ணம் அரிதன்று. வெயிலில் நிறுத்தப்பட்ட மோட்டார் வண்டியின் உள்ளே இதற்கு மேலும் ஏறும்.

உஷ்ணநிலை உயர்ந்தும் தாழ்ந்தும் மாறிக்கொண்டே இருப்பதும் தீங்கானதே. பகலில் விரியும் காற்று மூடியின் இடுக்கு வழியே நறுமண ஆவியோடு வெளியேறுகிறது; இரவில் குளிர்ந்து சுருங்கும்போது புதுக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இவ்வாறு புட்டியே நாள்தோறும் மூச்சு விடுவது போலாகிறது.

நீரும் தோற்குப்பியும்

நீராவியால் வடித்த தைலத்தில் சிறிதளவு நீர் எஞ்சியே இருக்கும். லாவண்டர் தைலத்தின் இனிய மணத்துக்குக் காரணமான லினலைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள், நீருடன் நெடுநாள் கூடியிருப்பின் பிளவுபட்டு, அசிடிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. மென்மையான மணத்தின் நடுவே புளித்த வாடை தோன்றுவது இதனால் நேரலாம். ஜம்மு பகுதியில் பதர்வா மலைச்சரிவுகளில் லாவண்டர் பயிரிடும் விவசாயிகளுக்கு இது நேரடியாக விலையைத் தொடும் விஷயமாகும்.

கன்னோஜ் நகரத்தார் இச்சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டிருந்தனர். புதிதாக வடித்த அத்தரை அவர்கள் ஒட்டகத் தோலால் செய்த 'குப்பி'யில் ஊற்றி வைப்பர். தோலின் நுண்துளைகள் வழியாக நீர் மெல்ல வெளியேறி ஆவியாகும். தைலம் உள்ளேயே தங்கிவிடும். இன்று கண்ணாடியும் அலுமினியமும் பெரிதும் வழக்கத்துக்கு வந்துவிட்ட போதிலும், அத்தரை நீர் நீக்கி முதிரவைக்கும் அந்த முறையின் அடிப்படை அறிவுக்கு ஒத்ததே.

கிராம வடிசாலையில் இதற்கு எளிய முறை உண்டு. தைலத்தை அசையாமல் வைத்து, அடியில் தங்கும் நீரை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் நீரற்ற சோடியம் சல்பேட் தூளைச் சிறிதளவு இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, வடிதாளில் வடிகட்டினால் தைலம் தெளிந்துவிடும். தூள் முழுவதும் கட்டி தட்டிப் போனால் நீர் இன்னும் மிகுதியாக உள்ளது என்று பொருள். மேலும் சிறிது தூள் இட வேண்டும்.

கலத்தின் தேர்வு

இரும்பும் செம்பும் தைலங்களின் கேட்டை விரைவுபடுத்தக்கூடியவை. கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனால் இரும்போடு சேர்ந்து கருநிறம் அடைகிறது. செப்புக் கலத்தில் வடித்த வெட்டிவேர்த் தைலம் பசுமை நிறம் பெறுவதும் உலோகத்தின் சேர்க்கையால்தான். அந்நிறத்தையே தரத்தின் அடையாளமாகக் கொள்வோரும் உளர் எனினும், நெடுநாள் சேமிப்புக்குச் செம்பு ஏற்றதன்று.

சாதாரணப் பிளாஸ்டிக் கலங்களும் நம்பத்தகாதவை. பல தைலங்கள் அவற்றைக் கரைக்கும் அல்லது மென்மையாக்கும். மணமும் சுவர் வழியே கசிந்து வெளியேறும். குடிநீர்ப் புட்டியில் எலுமிச்சைப்புல் தைலத்தை ஊற்றிச் சந்தைக்குக் கொண்டுவரும் வழக்கம் அடியோடு கைவிடத்தக்கது. சிறிய அளவுக்குப் பழுப்புக் கண்ணாடியும், பெரிய அளவுக்குத் துருப்பிடிக்காத எஃகு அல்லது அலுமினியக் கலமும் தகுந்தவை. ரப்பர் மூடியைத் தைலம் தாக்குமாதலின் அதைத் தவிர்த்தல் வேண்டும்.

முதிர்வும் மூப்பும்

காலம் எல்லா மணங்களுக்கும் பகை அன்று. சந்தனம், வெட்டிவேர், பச்சிலை ஆகியவற்றின் தைலங்கள் நன்கு மூடிய கலத்தில், இருளில் வைக்கப்பட்டால், நாட்பட நாட்பட முரட்டு நெடி நீங்கி இழைந்த மணம் பெறுகின்றன. அத்தர்களும் அவ்வாறே. இதற்கு மாறாக, ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய தோல் தைலங்களைப் புதிதாக இருக்கும்போதே பயன்படுத்திவிட வேண்டும். எலுமிச்சைப்புல் தைலத்தின் விலை அதிலுள்ள சிட்ராலின் அளவைப் பொறுத்தது. நல்ல தைலத்தில் அது பொதுவாக 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கவனக்குறைவான சேமிப்பில் சிட்ரால் குறைந்துகொண்டே வரும். 'சந்தனம் பழசானால் விலை ஏறும்' என்பதைக் கேட்ட விவசாயி, தம் எலுமிச்சைப்புல் தைலத்தையும் அவ்வாறே பூட்டி வைத்தால், ஏமாற்றமே மிஞ்சும்.

ரோஜாத் தைலம் குளிரில் உறைவதைக் கண்டு கெட்டுவிட்டதென அஞ்சுவோரும் உண்டு. அதிலுள்ள மணமற்ற மெழுகு போன்ற பொருள்களே அவ்வாறு உறைகின்றன. புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் மீண்டும் தெளியும். ஒருபோதும் நெருப்பில் காட்டலாகாது.

வீட்டில் உள்ள வாசனைத் திரவியம்

கடைகளில் கிடைக்கும் தெளிப்பு வாசனைத் திரவியங்களில் பெரும்பகுதி எரிசாராயமே. அது எளிதில் தீப்பற்றும் ஆதலின், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் தொலைவில் வைத்தல் முதல் விதி. ஈரமும் வெப்பமும் மாறி மாறி வரும் குளியலறை அதற்கு ஏற்ற இடம் அன்று. துணி அலமாரியின் உட்பகுதியே நல்லது. தெளிப்பு மூடியைக் கழற்றி வேறு புட்டிக்கு மாற்றும்போது காற்றும் அழுக்கும் சேர்வதால், அதைத் தவிர்க்க வேண்டும். வனிலின் சேர்ந்த திரவியங்கள் நாளடைவில் பழுப்பு நிறம் அடைவது இயல்பு. நிறம் மட்டும் மாறி, மணம் மாறாதிருப்பின் அது கேட்டின் அறிகுறி ஆகாது. குளிர்பதனப் பெட்டியில் வைப்போர், புட்டியை வெளியே எடுத்தவுடன் திறவாமல், அறையின் உஷ்ணநிலைக்கு வரும் வரையில் பொறுத்தல் வேண்டும். இன்றேல் காற்றிலுள்ள ஈரம் உள்ளே படியும்.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனை

ஆசிரியர்கள் சிறிதளவு ஆரஞ்சுத் தைலத்தைக் கொண்டு இவ்வுண்மைகளை மாணவர்களுக்கு மெய்ப்பிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று சிறு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதற் புட்டியை ஏறக்குறைய நிரப்பி, மூடி, இருண்ட குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவதையும் அவ்வாறே நிரப்பி, வெயில் படும் ஜன்னலில் வைக்க வேண்டும். மூன்றாவதில் கால் பங்கு மட்டும் ஊற்றி, அதே ஜன்னலில் வைத்து, நாள்தோறும் ஒருமுறை திறந்து மூட வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை வெவ்வேறு வடிதாள் துண்டுகளில் விட்டு, உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் முகர்ந்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். சில வாரங்களில் வேறுபாடு புலப்படும்.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனச் சான்றும் காட்டலாம். சோதனைக் குழாயில் சிறிது பொட்டாசியம் அயோடைடு கரைசல், சில சொட்டு அசிடிக் அமிலம், சிறிது மாவுப்பொருள் கரைசல் ஆகியவற்றை இட்டு, தைலத்தைச் சேர்த்துக் குலுக்கி வைக்க வேண்டும். பெராக்சைடு இருப்பின் அயோடின் விடுபட்டு நீல நிறம் தோன்றும். புதிய தைலத்தையும் பழைய தைலத்தையும் அருகருகே வைத்துச் செய்வது நலம். நெருப்பு அருகில் இருத்தலாகாது. தைலம் தோலில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கள அலுவலர் கவனத்துக்கு

விவசாயிகளிடம் எடுத்துரைக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம்.

1. வடித்த அன்றே நீரைப் பிரித்து, உலர்த்தி, வடிகட்டுக.

2. கழுவி நன்கு உலர்ந்த கலத்தில், சிறிதளவு இடம் மட்டும் விட்டு நிரப்பி, இறுக மூடுக.

3. தைலத்தின் பெயர், வடித்த தேதி, எடை ஆகியவற்றை ஒவ்வொரு கலத்தின் மீதும் எழுதி ஒட்டுக.

4. ஓட்டுக் கூரை அல்லது காரைக் கூரையின் கீழ், வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில், தரையில் அன்றிப் பலகையின் மீது வைக்குக. நெருப்பு நெருங்கலாகாது.

5. முதலில் வடித்ததை முதலில் விற்குக. பழையதையும் புதியதையும் கலவற்க.

6. விற்பனைக்கு மாதிரி எடுக்கும்போது பெரிய கலத்தை அடிக்கடி திறவாமல், வடித்த அன்றே சிறு புட்டியில் மாதிரியைத் தனியே எடுத்து வைக்குக.

தரத்தில் ஐயம் எழுந்தால், 1991-ல் கன்னோஜில் நிறுவப்பட்ட நறுமண, சுவைப் பொருள் மேம்பாட்டு மையமும், 1959-ல் தொடங்கப்பெற்று இலட்சுமணபுரியில் இயங்கிவரும் மத்திய மருந்து, நறுமணத் தாவர நிலையமும் வழிகாட்ட வல்லவை.

பிரான்சு நாட்டில் வெர்சாய் நகரில் 'ஆஸ்மோதெக்' என்னும் நறுமணக் காப்பகம் ஒன்று உள்ளது. 1990-ல் நிறுவப்பட்ட அக்காப்பகத்தில், வழக்கொழிந்த பல வாசனைத் திரவியங்கள் இருளில், 12 டிகிரி உஷ்ணநிலையில், காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரப்பிய புட்டிகளில் பாதுகாக்கப்படுகின்றன. கிராமத்து விவசாயிக்கு ஆர்கானும் குளிர் அறையும் எட்டாதவை. ஆனால் அவை எந்தத் தத்துவத்தின் மேல் நிற்கின்றனவோ, அது எட்டாததன்று. நிரம்பிய புட்டி, இறுகிய மூடி, இருண்ட மூலை, உலர்ந்த கலம் ஆகிய இந்நான்கிற்கும் செலவு சொற்பம். இவற்றைக் கடைப்பிடிக்கும் குடும்பம், வயலில் ஒரு பருவம் முழுவதும் உழைத்துப் பெற்ற மணத்தைச் சந்தையில் தராசு ஏறும் நாள் வரையில் குன்றாமல் வைத்திருக்கும்.